மறதிக்கு மாத்திரை வாங்கும் முன்



இன்றைய பேச்சின் பொருளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு வரும் மறதி நோய், டாக்டர்கள் டிமென்ஷியா என்று எழுதித் தருகிறார்களே, அந்த நோய்க்காக நாம் வாங்கும் சத்து மாத்திரைகள், மூலிகைச் சூரணங்கள், எண்ணெய்கள், லேகியங்கள் ஆகியவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். எது உதவும்? எது உதவாது? எது கெடுக்கும்? இவற்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பலனுக்காகக் காத்திருக்கும் ஓராண்டிலோ ஈராண்டிலோ நாம் இழப்பது என்ன? இந்தக் கடைசிக் கேள்விதான் என்னை இந்த மேடைக்கு இழுத்து வந்தது.

இதைப் பேச இந்த அம்பத்தூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அம்பத்தூருக்கு சைக்கிள் தொழிற்சாலை வந்தது 1949இல். பிறகு டன்லப் வந்தது. பாடியில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது, வீல்ஸ் இந்தியா வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965 டிசம்பரில் உருண்டு வெளியே வந்தது. அதே 1960களில் இங்கே தொழிற்பேட்டை, அதாவது எஸ்டேட், எழுந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் இருபது வயதில் டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்களே, அவர்களுக்கு இப்போது என்ன வயது? 75, 80, 85. ஒரே காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் முதுமை அடைந்திருக்கிறார்கள். ஒரு தெருவுக்கு ஒரு வீட்டிலாவது மறதி நோய் இருக்கிறது என்று நான் சொன்னால், நீங்கள் மனத்துக்குள் அந்த வீட்டின் கதவு எண்ணைச் சொல்லிவிடுவீர்கள்.

இந்தியா முழுவதும் முதியோரைப் பரிசோதித்து நடத்திய ஆய்வு ஒன்றின் கணக்கு 2023இல் வெளிவந்தது. 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்றது அந்த ஆய்வு. சுமார் 88 லட்சம் பேர்! இத்தனை பேருக்கு ஒரு நோய் இருந்து, அதை முற்றிலும் குணப்படுத்த மருந்து இல்லை என்றால், அங்கே சந்தை முளைக்காமல் இருக்குமா? முளைத்திருக்கிறது.

அது எப்படி வீட்டுக்குள் வருகிறது என்று பாருங்கள். அம்மா கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறார். அப்பா பென்ஷன் எடுக்கப் போனவர், நாற்பது வருடம் நடந்த தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்கிறார். சொன்னதையே சொல்கிறார், கேட்டதையே கேட்கிறார். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்கிறது வீடு. சில மாதம் கழித்து டல்லாஸிலிருந்து மகன் வருகிறான். பெட்டியைத் திறந்தால் ஜிங்கோ, மீன் எண்ணெய், மஞ்சள் மாத்திரை. பக்கத்து வீட்டு அம்மா உறுப்பினர் சேர்த்து விற்கும் கம்பெனியின் டப்பாவைக் கொண்டுவந்து தருகிறார். காலை டிவியில் ஒருவர் மூளைக்கு டானிக் என்று அரைமணி நேரம் பேசுகிறார். வாட்ஸ்அப்பில் தேங்காய் எண்ணெய் வருகிறது.

இதையெல்லாம் வாங்குகிறவர்களை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்த டப்பாவை வாங்குவது அன்பு. கண் முன்னால் அப்பா கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு எந்தப் பிள்ளை கைகட்டி நிற்கும்? அந்த அன்பும் அந்தப் பணமும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

சரி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போமா?

முதலில் ஜிங்கோ. சீனாவின் பழமையான மரம் ஒன்றின் இலைச் சாறு. ரத்த ஓட்டத்தைக் கூட்டும், நினைவைக் காக்கும் என்று உலகெங்கும் விற்றார்கள். அமெரிக்காவில் இதைச் சோதிக்க முடிவு செய்தார்கள். 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரைச் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு ஜிங்கோ, பாதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே உருவத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. நாளைக்கு இரண்டு வேளை, ஏறக்குறைய ஆறு ஆண்டுகள்! 2008இல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கு டிமென்ஷியா வந்திருந்தது. ஜிங்கோ சாப்பிட்டவர்களில்? 277 பேருக்கு. பிரான்சில் இன்னொரு பெரிய சோதனையை ஐந்து ஆண்டு நடத்தி 2012இல் முடிவு சொன்னார்கள். அங்கேயும் ஜிங்கோ நோயைத் தடுக்கவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் அந்த டப்பா இன்றைக்கும் பெட்டியில் வந்துகொண்டிருக்கிறது.

மீன் எண்ணெய்க்கு வருவோம். அதிலுள்ள டிஹெச்ஏ என்ற கொழுப்பு மூளையிலும் இருக்கிறது. மூளையில் இருப்பதை வாயால் கொடுத்தால் மூளை தேறும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய் இருந்த 402 பேரைக் கொண்டு, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நாளைக்கு 2 கிராம் டிஹெச்ஏ வீதம் 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் நோய் ஒரே வேகத்தில்தான் நடந்தது. மத்தியும் அயிலையும் வாங்கிக் குழம்பு வையுங்கள், நல்ல உணவு. மறதிக்கு மருந்து என்று மட்டும் அதற்குப் பேர் வைக்காதீர்கள்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். அமெரிக்காவில் மேரி நியூபோர்ட் என்று ஒரு டாக்டர். அவருடைய கணவருக்கு இள வயதிலேயே அல்சைமர் வந்தது. 2008இல் அவர் கணவருக்குத் தேங்காய் எண்ணெய் கொடுக்க ஆரம்பித்தார், முன்னேற்றம் தெரிந்தது என்று எழுதினார், பேசினார். உலகமெங்கும் அது பரவியது. அதன் பின்னால் ஒரு விஞ்ஞானக் கருத்தும் இருக்கிறது. மூளை ஓடுவது சர்க்கரையில். அல்சைமர் வந்த மூளையால் சர்க்கரையைச் சரியாகப் பயன்படுத்த முடிவதில்லை. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கைகொடுப்பதுபோல், கொழுப்பிலிருந்து உடல் உண்டாக்கும் கீட்டோன் என்ற பொருள் கைகொடுக்குமா என்பதுதான் கேள்வி. நல்ல கேள்வி. அதற்காகவே தனியாகப் பிரித்தெடுத்த கொழுப்பைக் கொண்டு மருந்து செய்து பெரிய சோதனை நடத்தினார்கள். 2017இல் அது தோற்றது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் அதிகம் இருப்பது லாரிக் அமிலம், அது கீட்டோனை மிகக் குறைவாகத்தான் தரும். ஆனால் கெட்ட கொழுப்பை ஏற்றும். அந்த டாக்டரின் கணவர் 2016இல் காலமானார். ஒரு மனைவியின் போராட்டத்தை நான் வணங்குகிறேன். அதைப் படித்துவிட்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்த அப்பாவுக்குக் காலையில் மூன்று ஸ்பூன் எண்ணெய் கொடுக்கும் மகனைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மஞ்சளுக்கு ஒரு கதை இருக்கிறது. ஹரியானாவில் பல்லப்கர் என்ற ஊர்ப்புறத்தில் 1990களில் ஓர் ஆய்வு நடந்தது. அங்கே அல்சைமர் மிகக் குறைவு என்று கண்டார்கள். உடனே உலகம் என்ன முடிவு கட்டியது? இந்தியர்கள் மஞ்சள் சாப்பிடுகிறார்கள், அதனால்தான் என்று! மஞ்சள் சாப்பிடுவதில் நாம் பல்லப்கருக்குக் குறைந்தவர்களா? காலைச் சாம்பார் முதல் இரவுக் குழம்பு வரை மஞ்சள் இல்லாத வேளை உண்டா? இருந்தும் நம் வீடுகளில் இந்த நோய் இருக்கிறதே! மஞ்சளில் உள்ள குர்குமின் உடலில் ஏறுவதே கடினம். அமெரிக்காவில் அல்சைமர் நோயாளிகளுக்கு 24 வாரம் கொடுத்துப் பார்த்த சிறிய சோதனையில் எந்தப் பலனும் தெரியவில்லை. ஏறவில்லையே என்று மிளகுச் சத்தைச் சேர்த்து மாத்திரை செய்தார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை.

இப்போது நம் மூலிகைகளுக்கு வருகிறேன். வல்லாரை, நீர்ப்பிரமி. இங்கே நான் மிகவும் கவனமாகப் பேச வேண்டும், ஏனென்றால் இது நம்முடைய அறிவு, நம் பாட்டன்மார் நமக்கு விட்டுச் சென்றது. உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு மெமரி ப்ளஸ் ஞாபகம் இருக்கும். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் பிரமியை ஆராய்ந்தது. அந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்த மாத்திரையை 1990களின் நடுவில் நம் சென்னையிலிருந்து வெல்வெட் நிறுவனம் விற்றது. ஆம், சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு விற்ற அதே வெல்வெட். விளம்பரத்தில் யார்? விஸ்வநாதன் ஆனந்த்! பரீட்சைக் காலத்தில் எத்தனை வீடுகளில் வாங்கினார்கள்!

பிரமியை உடல் நலமாக இருப்பவர்களுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த சிறிய ஆய்வுகளில் நினைவாற்றல் கொஞ்சம் கூடியதாகக் கண்டிருக்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நல்ல மூளை கொஞ்சம் கூர்மை அடைவது வேறு, நோயால் செல்கள் அழிந்துகொண்டிருக்கும் மூளையைக் காப்பது வேறு. ஜிங்கோவுக்கு நடந்ததுபோல் மூவாயிரம் பேரை ஆறு ஆண்டு பின்தொடர்ந்த சோதனை பிரமிக்கு நடக்கவில்லை, வல்லாரைக்கும் நடக்கவில்லை. நடத்த வேண்டும் என்று கேட்பதுதான் சித்த மருத்துவத்துக்கு நாம் செய்யும் மரியாதை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் மண்ணின் மூலிகையை நாம்தான் சோதிக்க வேண்டும். அதுவரை? வல்லாரைத் துவையல் அரையுங்கள், கீரையாகச் சாப்பிடுங்கள். மருந்தாகத்தான் வேண்டும் என்றால் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போய், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் காட்டிக் கேளுங்கள். லேபிள் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

"டாக்டர், உங்களுக்குச் செடி, கொடி என்றாலே ஆகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேளுங்கள், அல்சைமருக்கு நாங்கள் எழுதித் தரும் கேலன்டமின் என்ற மருந்து எங்கிருந்து வந்தது? ஸ்னோட்ராப் என்ற சின்ன வெள்ளைப் பூச்செடியிலிருந்து! 1950களில் பல்கேரியாவில் அதை ஆராய்ந்தார்கள். பிறகு பல ஆண்டு சோதனை. எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது, எத்தனை பேருக்கு வாந்தி வரும், எல்லாம் கணக்கெடுத்த பிறகுதான் 2001இல் அமெரிக்காவில் அல்சைமருக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் நோயை நிறுத்தாது. சிலருக்குச் சில காலம் நினைவையும் நடவடிக்கையையும் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். செடி என்பதற்காக ஏற்கவும் இல்லை, செடி என்பதற்காகத் தள்ளவும் இல்லை.

அமெரிக்காவில் விற்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம் இல்லையா? அங்கே ப்ரிவாஜென் என்று ஒரு மாத்திரை. ஜெல்லி மீனில் கண்டெடுத்த ஒரு புரதம், நினைவைக் கூட்டும் என்று ஆண்டுக்கணக்கில் டிவியில் விளம்பரம் செய்தார்கள். அந்நாட்டு வணிக ஆணையமும் நியூயார்க் அரசும் 2017இல் வழக்குப் போட்டன. ஏழு ஆண்டு கழித்து, 2024 டிசம்பரில், நினைவைக் கூட்டும் என்று சொல்லி விற்கக் கூடாது என நீதிமன்றம் தடை விதித்தது. ஏழு ஆண்டு! அதற்குள் எத்தனை டப்பா விற்றிருக்கும்?

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடை செய்யும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. எந்தெந்த நோயைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்ற பட்டியலில் மூளை நோய்களும் இருக்கின்றன. சத்து மாத்திரை டப்பாவின் மேல் 'நாட் ஃபார் மெடிசினல் யூஸ்', அதாவது மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று அச்சடிக்க வேண்டும் என்பதும் விதி. இன்று இரவு வீட்டுக்குப் போனதும் அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் அவர்களே எழுதியிருப்பார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். "நான் கொடுத்தேன் டாக்டர், எங்க அப்பா நல்லா தேறினார். என் கண்ணால் பார்த்தேன்." இதை என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கொரட்டூரில் ஒரு வீடு. அப்பாவுக்கு மறதி நோய். மகன் காலையில் ஓடி, இரவில் திரும்புகிறவர். ஒரு விலை உயர்ந்த மாத்திரையை ஆரம்பித்தார். வெறும் வயிற்றில், வெந்நீரில், மகனே கையால் கொடுக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். ஆகவே தினமும் காலையில் மகன் அப்பா பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்தார். மாத்திரை கொடுத்தார், பேப்பர் படித்துக் காட்டினார், ஒரு காப்பி குடித்தார்கள். ஒரு மாதத்தில் அப்பா முகம் தெளிந்தது, ஃபேக்டரிக் கதை சொன்னார், பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாத்திரை வேலை செய்கிறது என்றார் மகன். அன்பர்களே, வேலை செய்தது எது? மாத்திரையா, மகனா? அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னேன், காலைக் காப்பியை நிறுத்தாதீர்கள் என்றேன். இந்த நோயில் நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வரும். கெட்ட நாளில் மாத்திரையை ஆரம்பிக்கிறோம், நல்ல நாள் தானாக வருகிறது, பெருமை மாத்திரைக்குப் போகிறது. வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதிப்பது இதற்காகத்தான்.

"சரி, உதவாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே?" என்பீர்கள். கெடுதல் இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் இதயத்துக்காக ஆஸ்பிரினோ, க்ளோபிடோக்ரெல்லோ, வார்ஃபரினோ சாப்பிடுகிறீர்கள்? ஜிங்கோவும் அளவு மீறிய வைட்டமின் ஈயும் அவற்றோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். அமுக்கரா மாத்திரையால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு, தைராய்டு அளவு மாறியவர்களும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் தெற்காசியாவில் செய்த 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஈயம் என்ன செய்யும் தெரியுமா? மூளையைத்தான் கெடுக்கும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் ஒன்று இருக்கிறது. அதுதான் நான் முதலில் சொன்ன அந்த இழந்த காலம். மறதி எல்லாம் அல்சைமர் அல்ல! சில மறதிகளைத் திருப்ப முடியும், சீக்கிரம் வந்தால்!

வைட்டமின் பி12 குறைந்தால் மறதி வரும், கால் மரத்துப்போகும், நடை தடுமாறும், மனம் சோரும். யாருக்குக் குறையும்? சைவ உணவுக்காரர்களுக்கு, பாலும் தயிரும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. இன்னும் யாருக்கு? சர்க்கரைக்கு மெட்பார்மின் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு. நெஞ்செரிச்சலுக்கு பான்டோபிரசோல் காலையில் தினம் போடுகிறவர்களுக்கு. இந்த அரங்கில் அப்படி எத்தனை பேர்! ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், ஊசியும் மாத்திரையும் மலிவு. பாருங்கள், குறை இருப்பவருக்கு உண்மையிலேயே வேலை செய்யும் சத்து மாத்திரை இது ஒன்று. ஆனால் பல ஆயிரம் ரூபாய் டப்பாக்களை வாங்கிய வீட்டில் பி12 பரிசோதனை ஒரு தடவைகூடச் செய்யாமல் வருகிறார்கள். தாமதமானால், குறையைத் தீர்த்தாலும் போன நரம்பு முழுதாகத் திரும்புவதில்லை. குறை இல்லாதவருக்கு இதே பி12 மறதியைப் போக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தைராய்டு குறைந்தால் மறதி வரும். துணையை இழந்த துக்கத்தில், மனச்சோர்வில், மறதி போலவே வரும். அப்படிப்பட்டவர்களுக்குத் தேவை மனச்சோர்வுக்கான சிகிச்சையும் பேச்சுத் துணையும். சளி மாத்திரை, தூக்க மாத்திரை, அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் மாத்திரை, இவற்றில் சில முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். மாத்திரையைச் சேர்த்து அல்ல, குறைத்துத்தான் அவர்களைத் தேற்ற வேண்டும். இன்னொன்று, பாத்ரூமில் வழுக்கித் தலையில் லேசாக அடிபட்டது, வெளியே காயம் இல்லை, எல்லோரும் மறந்துவிட்டார்கள். சில வாரம் கழித்து அப்பா குழம்பிப் பேசுகிறார், தூங்கிக்கொண்டே இருக்கிறார். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கட்டியிருக்கும். ஸ்கேன் எடுத்தால் தெரியும், அறுவை சிகிச்சையில் எழுந்து உட்காருவார். அவருக்குப் போய் லேகியம் கொடுத்துக் காத்திருக்கலாமா? சொல்லுங்கள், காத்திருக்கலாமா?

வருமுன் காக்க வழி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் சொன்னது, டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதம் நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்று. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, தனிமை, உடல் உழைப்பின்மை, பார்வைக் குறைவு எல்லாம் அதில் இருக்கின்றன. இந்த ஊருக்காக நான் அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறேன். காது.

எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள். ஆமாம், இத்தனை பேர். எட்டு மணி நேரம் தகட்டை அடிக்கும் சத்தம், வருடக்கணக்காக. அந்தக் காலத்தில் காதுக்கு யார் அடைப்பான் கொடுத்தார்கள்? இன்று வீட்டில் டிவி சத்தம் ஏறிக்கொண்டே போகிறது, மருமகள் பேசுவது கேட்பதில்லை, கேட்காததால் பேசுவதில்லை, பேசாததால் வெளியே போவதில்லை. காது மங்கினால் மூளைக்குப் போகும் செய்தி குறைகிறது, மனிதர்கள் குறைகிறார்கள். லான்செட் பட்டியலில் மிகப் பெரிய பங்கு உள்ள காரணங்களில் கேட்கும் திறன் குறைவும் ஒன்று. அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேரிடம் மூன்று ஆண்டு சோதித்து 2023இல் முடிவு சொன்னார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காது மிஷின் வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே அபாயம் அதிகமாக இருந்தவர்களில், மிஷின் போட்டவர்களுக்கு அறிவு மங்கும் வேகம் 48 சதவீதம் குறைந்திருந்தது. எந்த டப்பாவாவது இப்படி ஒரு கணக்கைக் காட்டியிருக்கிறதா? காது மிஷின் போட்டால் கிழவன் என்பார்கள் என்று வெட்கப்படுகிறீர்கள். கண்ணாடி போட வெட்கப்பட்டோமா? இந்த ஊரை ஓட வைத்த காதுகள் அவை. அவற்றுக்கு ஒரு மிஷின் வாங்குவது நாம் பட்ட கடன்.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் இரண்டு ஆண்டு நடத்திய சோதனை 2015இல் வெளிவந்தது. நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தம், சர்க்கரை கண்காணிப்பு, எல்லாம் சேர்த்துச் செய்தவர்களின் சிந்தனைத் திறன் மற்றவர்களைவிட நன்றாக இருந்தது. அம்பத்தூர் ஏரிக்கரையில் காலையில் நாலு பேர் பேசிக்கொண்டே நடந்து, பிரஷர் மாத்திரையை விடாமல் போட்டால் நாமும் அதில் பாதியைச் செய்தவர்கள் ஆவோம்.

நோய் வந்துவிட்ட வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கே போவது? இந்தியாவிலேயே முதியோருக்கென முதல் மருத்துவப் பிரிவு 1978இல் டாக்டர் வி.எஸ். நடராஜன் தலைமையில் தொடங்கியது நம் சென்னை ஜி.ஹெச்.சில்தான். 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்திருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே அண்ணா நகர் மேற்கு விரிவில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மறதி நோயாளிகளையும் அவர்கள் குடும்பத்தையும் கவனிக்கிறது. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவச எண்கள். மாதம் டப்பாவுக்குப் போகும் மூவாயிரமோ நாலாயிரமோ, அதை வைத்து வாரத்தில் இரண்டு நாள் ஒரு ஆளை அமர்த்தினால், ராத்திரி இரண்டு மணிக்கு "நான் டியூட்டிக்குப் போகணும்" என்று கதவைத் தட்டும் மாமனாரோடு விழித்திருக்கும் அந்த மருமகள் இரண்டு பகலாவது தூங்குவாள். பார்த்துக்கொள்பவர் நன்றாக இருந்தால்தான் நோயாளி வீட்டில் இருக்க முடியும்.

அழைப்பிதழில் கேட்டிருந்தபடி, வீட்டில் இருக்கும் மாத்திரை, சூரணம், டப்பா எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுவந்திருப்பவர்கள், மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேசைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாக லேபிளைப் பார்த்துச் சொல்கிறேன். டாக்டர் எழுதித் தந்த எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முதலில் வாருங்கள். பூந்தமல்லிக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் அவர்களுக்கு அடுத்து வரலாம்.